சமதரையில் பிடிக்கிற பிரேக்: பெரிய லொறியில் புதிதாக ஏறுகிறவர்களுக்கு

கன்டர் என்கிற சின்ன லொறி ஓட்டிப் பழகிய ஒருவர் முதன்முதல் பெரிய லொறியில் ஏறும்போது குழம்புகிற இடம் கியர் இல்லை, பிரேக். கன்டரில் இருப்பது ஒயில் பிரேக். மிதித்தால் பெடல் காலைத் திருப்பித் தள்ளும். எவ்வளவு பிடிக்கிறது என்று பாதமே சொல்லிவிடும். காற்றுப் பிரேக்கில் அந்தக் கதை இல்லை. பெடலுக்கு அடியில் இருப்பது ஒரு வால்வும் ஸ்பிரிங்கும்தான். தாங்கியில் காற்று நிறைந்திருந்தாலும் பாதியாகக் குறைந்திருந்தாலும் காலுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

சுன்னாகம் சந்தையில் வெங்காயமும் வாழைக்குலையும் ஏற்றித் தம்புள்ளைக்கு ஓடிய லொறி ஒன்றில் கிளீனராக நின்றுதான் நான் இதெல்லாம் பழகினேன். முதல் வாரம், வண்டி நிற்கும்போது சும்மா பெடலை அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி, காலால பாக்காதை. மீற்றரைப் பார், காதைக் குடு" என்றார் சாரதி அண்ணை. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது.

யாழ்ப்பாணத்தில் பழகுகிறவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே தரை தட்டை. பருத்தித்துறை, காரைநகர் எங்கே ஓடினாலும் இறக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அரைகுறைப் பிரேக்கோடு ஒரு லொறி மாதக்கணக்கில் ஓடலாம், ஒருவருக்கும் தெரியாது. அதே லொறி தம்புள்ளையும் தாண்டி மலைநாட்டுக்குப் போகிற அன்றைக்குத்தான் குற்றம் வெளியே வரும். அதனால் கீழே சொல்லுகிற சோதனைகளைச் சடங்காக எண்ண வேண்டாம்.

காற்று போகிற வழி

எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற கொம்பிரசர் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி அனுப்புகிறது. புதிய வண்டிகளில் அது முதலில் ஈரத்தை உறிஞ்சுகிற டிரையருக்குள் போகும். பிறகு முதல் தாங்கி. மிஞ்சிய தண்ணீர் பெரும்பாலும் இதில்தான் தங்கும். அங்கிருந்து வேறு இரண்டு தாங்கிகளுக்குப் பிரியும்: ஒன்று முன் சில்லுகளுக்கு, மற்றது பின் சில்லுகளுக்கு. ஒரு பக்கக் குழாய் வெடித்தாலும் மற்றப் பக்கம் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பிரிவு. மீற்றரில் இரண்டு முள் இருப்பதும் அதனால்தான். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வெளிக்கிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

காற்று எவ்வளவு ஏற வேண்டும் என்பதைக் கவர்னர் பார்த்துக்கொள்ளும். பொதுவாக 120 முதல் 130 பி.எஸ்.ஐ வரை ஏறியதும் கொம்பிரசர் காற்று அனுப்புவதை நிறுத்திவிடும். 100 அளவுக்கு இறங்கியதும் திரும்பத் தொடங்கும். பி.எஸ்.ஐ என்றால் ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற கணக்கு. உங்கள் மீற்றர் பார் கணக்கில் இருந்தால் 7 முதல் 9 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது இடைக்கிடை 'பிஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு வருமே, அது டிரையர் தன் ஈரத்தை வெளியே துப்புகிற சத்தம். அது வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும். கவர்னர் பழுதாகிக் காற்று கண்டபடி ஏறினால், 150 அளவில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே விட்டுவிடும். அது ஒருமுறை திறந்தாலே வண்டி கராஜுக்குப் போக வேண்டும்.

பெடலை மிதிக்கும்போது நீங்கள் அமத்துவது பிரேக்கை இல்லை. ஒரு வாசலைத் திறக்கிறீர்கள். எவ்வளவு திறக்கிறீர்களோ அவ்வளவு அழுத்தத்தில் காற்று சில்லடியில் இருக்கிற சேம்பருக்குப் போகும். சேம்பருக்குள்ளே சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு ரப்பர்த் தகடு. அது 30 சதுர அங்குலம் என்று எடுங்கள், 60 பி.எஸ்.ஐ காற்றுப் போகிறது என்று எடுங்கள்: 1,800 இறாத்தல், அதாவது 800 கிலோவுக்கு மேற்பட்ட தள்ளு. ஒரு சில்லுக்கு மட்டும். அந்தத் தள்ளு ஒரு கம்பியை முன்னே நகர்த்தும். கம்பி ஸ்லாக் என்கிற கையைத் திருப்பும். கை திரும்ப, ஆங்கில 'S' எழுத்துப்போல வளைந்த ஒரு கட்டை இரண்டு ஷூவையும் விரித்து டிரம்மில் தேய்க்கும். காலை எடுத்ததும் சேம்பரில் இருந்த காற்று வெளியே போய்விடும். நீங்கள் கேட்கிற 'சூ' சத்தம் அதுதான். அந்தக் காற்று திரும்ப வராது, கொம்பிரசர்தான் புதிதாக நிரப்ப வேண்டும். வீணாக மிதித்து மிதித்து விட்டால் தாங்கி வடிந்து போவது இதனால்தான்.

நடுத்தர ஜப்பான் லொறிகள் சிலவற்றில் காற்று ஒயிலைத் தள்ள, ஒயில் பிரேக்கைப் பிடிக்கும். அவற்றுக்கு ஒயில் மட்டத்தையும் பார்க்க வேண்டும். இங்கே நான் சொல்வது முழுக்கக் காற்றில் ஓடுகிறவற்றைப் பற்றி.

கைப் பிரேக் தலைகீழ்

கால் பிரேக்கைக் காற்றுப் பிடிக்கிறது. கைப் பிரேக்கைக் காற்று விடுவிக்கிறது. இந்த ஒரு வசனம் விளங்கிவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

பின்சில்லுச் சேம்பரைப் பாருங்கள், ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு டப்பா இருக்கும். பின் டப்பாவுக்குள் பெரிய ஸ்பிரிங் ஒன்று சுருண்டு கிடக்கிறது. அதன் இயல்பு பிரேக்கைப் பிடித்து வைப்பது. காற்றுப் போய் அந்த ஸ்பிரிங்கை அமுக்கினால்தான் சில்லு விடுபடும். கபினில் கைப் பிரேக்கைப் போடும்போது நீங்கள் அந்தக் காற்றை வெளியே விடுகிறீர்கள், அவ்வளவுதான். இரவு முழுக்க நின்று காற்று இறங்கிய லொறி காலையில் அசைய மறுப்பதும் இதனால்தான். அது பழுதில்லை.

காற்றுப் போனால் பிரேக் பிடிக்கட்டும் என்ற இந்த யோசனை ரயிலில் இருந்து வந்தது. அமெரிக்கரான ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் ரயிலுக்குக் காற்றுப் பிரேக் செய்தார். முதல் முறையில் குழாய் அறுந்தால் பிரேக்கும் போய்விடும். 1872இல் அதைத் தலைகீழாக மாற்றினார்: குழாய் அறுந்தால் பெட்டிகள் தாமே பிரேக் பிடிக்கும். உங்கள் ட்ரெயிலரின் சிவப்புக் குழாய் இன்றைக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பின் டப்பாவை ஒருபோதும் கழற்றிப் பார்க்க வேண்டாம். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் பாய்ந்தால் ஆள் சாவதற்குப் போதும். வழியில் காற்று ஏறாமல் நின்றுவிட்டால் ஸ்பிரிங்கைச் சுருட்டிப் பூட்ட நீண்ட ஆணி ஒன்று வரும்; அதைத் தெரிந்தவர் கையில் விடுங்கள், முதலில் சில்லுகளுக்குக் கட்டை போட்டுவிட்டு.

விடியக்காலைப் பத்து நிமிடம்

வெளிக்கிட முதல் செய்கிற வேலை இது. கீழே வருகிற எண்கள் அமெரிக்காவில் பார வாகனச் சாரதிகளுக்குப் படிப்பிக்கிற கணக்கு. எல்லா வண்டிக்கும் ஏறக்குறையப் பொருந்தும். உங்கள் வண்டியின் புத்தகம் வேறு சொன்னால் புத்தகத்தைக் கேளுங்கள்.

முதலில் சில்லுக்குக் கட்டை. கல் வைக்கிறவர்களும் உண்டு, ஆனால் உருண்டைக் கல் வேண்டாம். பிறகு எஞ்சினைப் போட்டு மீற்றரைப் பாருங்கள். 60க்குக் கீழே இருக்கும்வரை எச்சரிக்கை வெளிச்சமோ சத்தமோ வர வேண்டும். அந்தச் சத்தம் எரிச்சலாக இருக்கிறதென்று வயரைக் கழற்றி விட்ட வண்டிகளை நான் கண்டிருக்கிறேன். அப்படி ஒரு வண்டி தந்தால், வயரைப் பூட்டித் தாருங்கள் என்று முதலாளியிடம் கேளுங்கள். வெட்கப்படத் தேவையில்லை.

எஞ்சின் வேலை செய்கிற வேகத்தில் காற்று 85இல் இருந்து 100க்கு 45 செக்கனுக்குள் ஏற வேண்டும். அதைவிட நேரம் எடுத்தால் கொம்பிரசர் களைத்துவிட்டது, இல்லாவிட்டால் எங்கோ ஒழுகுகிறது. நிரம்பி முடிந்ததும் எஞ்சினை நிறுத்துங்கள், கட்டை இருக்கிறதா என்று திரும்பவும் பார்த்துவிட்டுக் கைப் பிரேக்கை விடுங்கள். ஒரு நிமிடம் மீற்றர் முள்ளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். தனி லொறியில் 2 பி.எஸ்.ஐக்கு மேல் இறங்கக் கூடாது. ட்ரெயிலர் கொழுவியிருந்தால் 3. அப்புறம் பெடலை நன்றாக மிதித்துப் பிடித்தபடி இன்னொரு நிமிடம். மிதித்தவுடன் இறங்குவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அதற்குப் பிறகு தனி லொறியில் 3, ட்ரெயிலரோடு 4 வரை போகலாம்.

காது வேலை செய்வது இந்த இரண்டாவது நிமிடத்தில்தான். கிளீனரைப் பெடலில் இருத்திவிட்டு நீங்கள் வண்டியைச் சுற்றி நடந்து வாருங்கள். விடியக்காலையில் ஊர் அமைதியாக இருக்கும். ஊசித் துளையால் போகிற காற்றும் கேட்கும். இடம் பிடிபடாவிட்டால் சவர்க்காரத் தண்ணீரைப் பூசிப் பாருங்கள், குமிழி காட்டிக் கொடுக்கும். நம் பக்கத்து வண்டிகளில் நான் அதிகம் கண்டது இரும்புக் குழாய் சேசிஸைத் தொடுகிற இடத்தில் கறள் பிடித்து ஒழுகுவது. கடற்காற்று ஒரு பக்கம், மீன் ஏற்றுகிற லொறி என்றால் ஐஸ் கரைந்து வடிகிற உப்புத் தண்ணீர் மறுபக்கம். மேலே பெயின்ற் நன்றாக இருக்கும், கிளிப்புக்குள்ளே குழாய் அரித்துப் போயிருக்கும்.

கடைசியாக, எஞ்சின் நிறுத்தியபடி சாவியை மட்டும் போட்டு, பெடலை மிதித்து மிதித்து விடுங்கள். காற்று இறங்கி 60ஐ நெருங்கும்போது எச்சரிக்கை வர வேண்டும். இன்னும் இறக்கினால், கைப் பிரேக்குக்குத் தள்ளுகிற பொத்தான் உள்ள வண்டிகளில் 45க்கும் 20க்கும் இடையில் பொத்தான் தானே வெளியே பாயும். ஸ்பிரிங் பிடித்துவிட்டது என்று அர்த்தம். சரி, திரும்பக் காற்றை நிரப்பி, கட்டையை எடுத்து, ஆள் நடையைவிடக் கொஞ்சம் கூடிய வேகத்தில் விட்டு ஒருமுறை நன்றாக மிதித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் வெளிக்கிட வேண்டாம்.

ட்ரெயிலர் கொழுவும்போது

இழுக்கிற முன் வண்டியான ப்ரைம் மூவரில் இருந்து ட்ரெயிலருக்கு இரண்டு காற்றுக் குழாய் போகும். சிவப்பு, ட்ரெயிலரின் தாங்கியை எப்போதும் நிரப்பி வைத்திருக்கிறது. மற்றது, ஐரோப்பிய முறையில் மஞ்சள், அமெரிக்க முறையில் நீலம், பெடலின் சொல்லைக் கொண்டுபோகிறது. நீங்கள் மிதிக்கிற அளவை அது சொல்லும், சிவப்பால் வந்து தாங்கியில் இருக்கிற காற்று அந்தச் சொல்லைக் கேட்டுச் சேம்பருக்குள் போகும். ஓடும்போது சிவப்பு அறுந்தால் ட்ரெயிலர் தானே பிரேக் பிடிக்கும். மஞ்சள் அறுந்தால் மிதிக்கும்வரை ஒன்றும் தெரியாது, மிதித்த பிறகுதான் காற்று வெளியே கொட்டும். ஆகவே மஞ்சளைத்தான் கூடக் கவனிக்க வேண்டும் என்பேன் நான்.

வரிசை முக்கியம். ப்ரைம் மூவரின் கைப் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. இதைச் செய்யாமல் சிவப்பைக் கொழுவியதும் ட்ரெயிலர் பிரேக் விட்டு, முழு வண்டியும் உருண்டு, இரண்டுக்கும் நடுவில் நின்ற ஆளை நசுக்கிய விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பிறகு முதலில் மஞ்சள், அடுத்தது சிவப்பு. கழற்றும்போது மறுவளமாக: சிவப்பை முதலில் எடுங்கள், ட்ரெயிலர் பிடித்துக்கொள்ளும், பிறகு மஞ்சள்.

கொழுவ முதல் இணைப்பின் வாயைப் பாருங்கள். உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் வெடித்திருக்கும், அல்லது மணல் ஒட்டியிருக்கும். விரலால் ஒருமுறை துடைத்து விடுங்கள். கழற்றி வைத்திருந்த குழாயின் வாயைச் சும்மா தொங்க விட்டால் குளவி கூடு கட்டிவிடும். அந்த மண் போய் வால்வுக்குள் இருக்கும். மூடி இல்லாவிட்டால் ஒரு துணியாவது கட்டி வையுங்கள்.

ஒரு நாள் பரந்தனுக்குக் கிட்ட, கொழுவி அரை மணித்தியாலம் ஓடிய பிறகுதான் ட்ரெயிலர் பிரேக் பிடிக்கவே இல்லை என்று கண்டோம். குழாய் இரண்டும் சரி, இணைப்பும் சரி. மஞ்சள் குழாயின் அடியில் இருந்த திருகு குழாய் பூட்டியபடி இருந்தது. முதல் நாள் யாரோ மூடியிருக்கிறார்கள். திறக்க வேண்டிய கிளீனர் நான். தட்டையான ஏ9 வீதியில், முன் வண்டியின் பிரேக்கே முழுச் சுமையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. சாரதி அண்ணை ஏசவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அன்றிலிருந்து கொழுவியதும் மெதுவாக முன்னே விட்டு, கையால் இயக்குகிற ட்ரெயிலர் பிரேக்கை மட்டும் போட்டுப் பார்ப்பேன். பின்னால் பிடித்து இழுக்கிற உணர்வு வர வேண்டும். அந்தக் கைப்பிடியைப் போட்டுவிட்டு வண்டியை நிறுத்தி இறங்கிப் போகக் கூடாது. அது காற்றில் பிடிக்கிறது, காற்று இறங்கினால் விட்டுவிடும்.

ஸ்லாக் என்கிற கை

புதியவர்கள் ஒரு முறையாவது வண்டிக்கு அடியில் படுத்து இதைப் பார்க்க வேண்டும். சமதரை, சில்லுகளுக்குக் கட்டை, கைப் பிரேக் விட்ட நிலை. கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஸ்லாக்கையும் பலமாக இழுங்கள். கம்பி கொழுவியிருக்கிற இடத்தில் ஏறக்குறைய 1 அங்குலத்துக்கு மேல் அசைந்தால் இறுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பழைய வண்டிகளில் ஸ்பானர் போட்டு இறுக்கலாம், பழகியவர் பக்கத்தில் இருந்தால். தானே இறுக்கிக்கொள்கிற வகை என்றால் கையால் இறுக்கி மறைக்க வேண்டாம். அது தளர்ந்திருப்பதே வேறு பழுதின் அடையாளம், கராஜில் காட்டுங்கள்.

ஏன் ஒரு அங்குலத்துக்கு இவ்வளவு கதை? சேம்பருக்குள்ளே கம்பி நகர்வதற்கு ஒரு எல்லை உண்டு. தளர்ந்த பிரேக் அந்த எல்லையின் கடைசிவரை போய்த்தான் பிடிக்கும். ஆனாலும் பிடிக்கும். நாவற்குழியில் பிடிக்கும், கொடிகாமத்தில் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் மிதித்தபடி வரும்போது டிரம் சூடேறி விரியும். விரிந்தால் ஷூவில் இருக்கிற லைனரில் இருந்து விலகும். கம்பி இன்னும் தூரம் போக வேண்டும், போக இடம் இல்லை. மீற்றரில் காற்று முழுக்க இருக்கும், பெடலும் வழமைபோல இருக்கும், வண்டி மட்டும் நிற்காது.

இறக்கமும் வெள்ளமும்

யாழ்ப்பாணத்தில் இருந்து கண்டி வரை ஏ9 வீதி 321 கிலோமீற்றர். அதில் தம்புள்ளை தாண்டும்வரை உங்கள் பிரேக்கை யாரும் சோதிக்கப் போவதில்லை. மாத்தளைக்கு அப்பால், இல்லாவிட்டால் கண்டியில் இருந்து கொழும்புக்குக் கடுகண்ணாவையால் இறங்கும்போதுதான் சோதனை.

இறக்கம் தொடங்க முதலே கியரைக் குறைத்துவிடுங்கள், நடுவில் குறைக்கப் பார்த்தால் கியர் விழாமல் நியூட்ரலில் போய்விடும். எக்சோஸ்ற் பிரேக் (புகை போகிற வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) இருந்தால் போடுங்கள். வண்டியைத் தாங்குவது எஞ்சின்; கால் பிரேக் அதற்குத் துணை. 40இல் இறங்கலாம் என்று நினைத்தால், 40க்கு வந்ததும் நன்றாக மிதித்து 32 அளவுக்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். திரும்ப 40 வந்ததும் மறுபடி. காலைப் பெடலில் லேசாக வைத்தபடியே இறங்குவதும், டக் டக்கென்று மிதித்து விடுவதும் இரண்டும் கூடாது. முதலாவது சூடாக்கும், இரண்டாவது காற்றைத் தின்னும். கருகின ரப்பர் மணம்போல வந்தால் இடம் பார்த்து நிறுத்தி ஆற விடுங்கள். அப்போது கட்டை போட்டு நிறுத்துங்கள், கைப் பிரேக் வேண்டாம். கொதிக்கிற டிரம்மில் பிடித்து வைத்தால் பிரேக் பழுதாகும்.

ஓடும்போது எச்சரிக்கை அடித்தால், அடுத்த பெற்றோல் செட் வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்ற கதையே வேண்டாம். காற்று இருக்கும்போதே ஓரமாக நிறுத்துங்கள். ஸ்பிரிங் எப்படியும் பிடிக்கும் என்று நம்பி ஓடினால், அது பிடிப்பது நீங்கள் விரும்பிய இடத்தில் இருக்காது.

இடைவெளி பற்றி ஒன்று மட்டும். ஒயில்போலக் காற்று உடனே போய்ச் சேராது. ஏறக்குறைய அரைச் செக்கன் பிடிக்கும். 60 கிலோமீற்றர் வேகத்தில் அரைச் செக்கன் என்றால் 8 மீற்றர், நல்லதொரு லொறியின் நீளம். முன்னால் ஓட்டோ திடீரென்று நின்றால் அந்த 8 மீற்றரை யாரும் உங்களுக்குத் திருப்பித் தர மாட்டார்கள்.

மாரியில் வெள்ளம் நின்ற வீதியைக் கடந்து வந்தால் டிரம் நனைந்திருக்கும். சின்னக் கியரில் போட்டு, பின்னால் வண்டி இல்லையா என்று பார்த்து, கொஞ்சத் தூரம் லேசாக மிதித்தபடி ஓட்டிக் காய வையுங்கள்.

இரவு நிறுத்தும்போது

ட்ரெயிலரைக் கழற்றி விட்டால் கட்டை போடாமல் போக வேண்டாம். ஸ்பிரிங் இல்லாத பழைய ட்ரெயிலர்களில் பிடித்திருப்பது தாங்கியில் உள்ள காற்று மட்டும், விடியமுன் இறங்கிவிடும்.

பிறகு தாங்கிகளின் தண்ணீர். ஒவ்வொரு தாங்கிக்கும் அடியில் ஒரு சின்னக் குழாய் அல்லது இழுக்கிற வளையம் இருக்கும். நமது காற்றில் ஈரம் அதிகம், கார்த்திகை மழையில் சொல்லத் தேவையில்லை. டிரையர் இல்லாத வண்டியென்றால் ஒவ்வொரு நாளும் திறக்க வேண்டும்; டிரையர் இருந்தாலும் கிழமைக்கு ஒருக்கால் திறந்து பாருங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், கூரான சத்தத்தோடு வரும். ஒரு பழைய பேணியைப் பிடித்து நிறத்தைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் கவலை இல்லை. கறள் கலந்த செம்மண் நிறம் என்றால் கனநாள் யாரும் திறக்கவில்லை. பால்தேத்தண்ணிபோலக் கலங்கலாக, விரலில் வழுக்கினால், கொம்பிரசர் ஒயிலைத் தள்ளுகிறது. அந்த ஒயில் போய் வால்வு ரப்பர்களை ஊத வைக்கும். டிரையர் உள்ள வண்டியில் தண்ணீர் கொட்டினால் டிரையரின் உறிஞ்சி முடிந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

காற்று மட்டும் வரத் தொடங்கியதும் குழாயைப் பூட்டுங்கள். நான் இரண்டு தரம் மறந்திருக்கிறேன். விடியப்புறம் சந்தைக்கு வெளிக்கிட வந்து எஞ்சினைப் போட்டு, அரை மணித்தியாலம் முள் அசையாமல் நிற்க, கொம்பிரசரைக் குறை சொல்லிக்கொண்டு நின்றோம்.